நீரால் நடக்கும் ஜீவராசிகள்

நமக்குப் பழக்கமான பிராணிகளில், வயலில் மேயும் எருதாயினும் சரி, சுவரில் ஊரும் எறும்பாயினும் சரி, முன் என்றும் பின் என்றும், இடம் என்றும் வலம் என்றும் திட்டமான ஒரு பாகுபாடு சரீரத்திலேயே விதிக்கப்பட்டிருக்கிறது. தலை வழிகாட்ட உடல் பின்தொடர்கிறது. கண்ணும் வாயும் செல்லும் திசையை நோக்கியே அமைகின்றன. இந்த ஏற்பாட்டுக்கு நாம் எவ்வளவு பழகிப்போய்விட்டோம் என்றால், இது இல்லாத ஒரு ஜந்துவைக் காணும்போது, அதற்கு உயிர் உண்டென்பதை ஒப்புக்கொள்ளவே மனம் சிறிது தயங்குகிறது. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற நீரில், செந்நிற முண்டுகள் துருத்தி நிற்க, மணலின்மேல் கிடக்கும் நட்சத்திர மீனைக் காண்பவர்களுள் பலர் அது அசைவதையே அறியாமல் கடந்துபோகிறார்கள். அதற்குத் தலை இல்லை, மூளை இல்லை, இருதயம் என்று சொல்லத்தக்க உறுப்பும் இல்லை, ஐந்து கரங்களுள் எதையும் முன்கரம் என்றோ பின்கரம் என்றோ குறிப்பிட்டுச் சொல்லவும் முடியாது. ஆயினும் அது நடக்கிறது, வேட்டையாடுகிறது, குப்புறக் கவிழ்த்துப் போட்டால் தானே நிமிர்ந்துகொள்கிறது. அதுமட்டுமன்று: உயிரினங்களின் வம்சாவளியில், எறும்பைவிடவும் நண்டைவிடவும், புத்திக்குப் பேர்போன பேய்க்கணவாயைவிடவும் அது நமக்கு நெருங்கிய உறவு என்பது விஞ்ஞானிகள் நெடுங்காலம் ஆராய்ந்து கண்ட முடிபு.

முதுகெலும்பற்ற பிராணிகளில் முட்தோலிகள் என்னும் பெருங்குழுவைச் சேர்ந்தது இந்த நட்சத்திர மீன். கடல் முள்ளெலி, கடல் அட்டை, நொறுங்கு நட்சத்திரம், கடல் அல்லி என்பவை இதன் உடன்பிறப்புகள். இன்று உயிரோடிருக்கும் முட்தோலி இனங்கள் ஏறத்தாழ 7,000. அவற்றுள் ஒன்றுகூட நன்னீரில் வாழ்வதில்லை, தரையிலும் வாழ்வதில்லை. ஆற்றிலும் குளத்திலும் நத்தை புகுந்திருக்கிறது, நண்டு புகுந்திருக்கிறது, புழு வகைகள் எண்ணிறந்தவை புகுந்திருக்கின்றன. இக்குழு மாத்திரம் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகச் சமுத்திரத்தை விட்டு வெளியேறவே இல்லை. காரணம் அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. கடல்நீரையே தன் அங்கங்களை இயக்கும் சாதனமாகக் கொண்டு, உள்ளிருக்கும் திரவத்துக்கும் வெளியிலிருக்கும் நீருக்கும் உப்பின் அளவில் பெரிய வேற்றுமை இல்லாதபடி வாழும் ஒரு பிராணி, உப்பற்ற நீரில் பிழைத்திருக்க வழியில்லை.

அந்த நீர் எவ்வாறு உள்ளே சென்று எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். ஜீவராசிகளின் உலகில் இதற்கு ஒப்பான இயந்திரம் வேறொன்றில்லை என்பது என் எண்ணம். நட்சத்திர மீனின் மேற்புறத்தில், நடுவிலிருந்து சிறிது விலகிய ஓரிடத்தில், நுண்துளைகள் நிறைந்த சிறு தட்டு ஒன்று இருக்கிறது. இதைச் சல்லடைத் தட்டு என்பர். இதன் வழியே உட்புகும் கடல்நீர், சுண்ணாம்பால் உறுதிபெற்ற சுவருடைய கல்கால்வாய் என்னும் குழலில் இறங்கி, வாயைச் சுற்றியோடும் வட்டக்கால்வாயை அடைகிறது. அங்கிருந்து கரத்துக்கு ஒன்றாக ஆரக்கால்வாய்கள் பிரிகின்றன. அவற்றின் இருமருங்கிலும் நூற்றுக்கணக்கான சிறு கிளைகள் கிளைக்கின்றன. ஒவ்வொரு கிளையின் முடிவிலும் ஒரு குழாய்க்கால். பிராணியைப் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு கரத்தின் அடியிலும் நீண்டு செல்லும் பள்ளத்தில் இந்தக் கால்கள் வரிசை வரிசையாக நெளிந்துகொண்டிருப்பதைக் காணலாம்.

குழாய்க்காலின் மேல்முனை உடலுக்குள் ஒரு சிறு குமிழாக முடிகிறது. பேனாவுக்கு மை நிரப்பும் சொட்டுக்குழலின் ரப்பர் முனையை அழுத்தும்போது என்ன நிகழ்கிறதோ அதுவே இங்கும் நிகழ்கிறது: குமிழின் தசைகள் சுருங்க, நீர் ஆரக்கால்வாய்க்குத் திரும்பிவிடாதபடி இடையிலுள்ள தடுக்கிதழ் மூடிக்கொள்ள, போக்கிடம் அற்ற நீர் காலுக்குள் பாய்ந்து அதை நீளச் செய்கிறது. நீண்ட கால் தன் நுனித்தட்டைத் தரையில் பதிக்கிறது. காலின் சுவரிலுள்ள தசைகள் ஒரு பக்கமாக இழுக்க, கால் சாய்ந்து உடலை முன்னே தள்ளுகிறது. பின்னர்ப் பிடி விட்டு, சுருங்கி, நீரைக் குமிழுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, மறுபடியும் நீள்கிறது. எலும்பும் மூட்டும் கொண்டு நாம் செய்யும் காரியத்தை, ஒரு துளி நீரின் இடமாற்றத்தைக் கொண்டு இது செய்து முடிக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் கடலில் வாழும் சூரியகாந்தி நட்சத்திர மீனுக்கு, இருபதுக்கு மேற்பட்ட கரங்களில் ஏறத்தாழ 15,000 குழாய்க்கால்கள் வரை உண்டு; நட்சத்திர மீன்களுள் விரைந்து செல்பவற்றில் அது ஒன்று; நிமிஷத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தை அதனால் கடக்க முடியும்.

பாறையில் பதிந்த கால் அங்கே எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதில் பழைய பாடப்புத்தகங்கள் கூறியது முழுமையன்று. நுனித்தட்டு காற்றை உறிஞ்சிய கிண்ணம்போல் வெற்றிடத்தால் ஒட்டிக்கொள்கிறது என்றே நெடுநாள் கற்பித்து வந்தார்கள். நுனித்தட்டின் தோலில் ஒட்டும் பசையைச் சுரக்கும் செல்களும், அந்தப் பசையினின்று காலை விடுவிக்கும் பொருளைச் சுரக்கும் செல்களும் அடுத்தடுத்து அமைந்திருப்பதை இப்போது அறிவோம். கண்ணாடித் தொட்டியின் சுவரில் ஏறிச் செல்லும் நட்சத்திர மீன், தன் ஒவ்வொரு காலடியிலும் அந்தப் பசையின் மெல்லிய வட்டத்தடம் ஒன்றை விட்டுச் செல்கிறது. சாயமேற்றினால் அந்தத் தடம் தெளிவாகப் புலப்படும்.

இத்தனை கால்களையும் ஆணையிட்டு நடத்தும் மூளை இல்லாமல் இது எவ்விதம் ஒரே திசையில் செல்கிறது என்று கேட்கலாம். வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும், கரந்தோறும் ஒரு நரம்பும் இருக்கின்றன. இரையின் வாசனையோ வேறு தூண்டுதலோ எந்தக் கரத்தை முதலில் எட்டுகிறதோ, அந்தக் கரம் அப்போதைக்குத் தலைமை ஏற்க, ஏனைய கரங்களின் கால்கள் அந்தத் திசைக்கு இணங்கி அடிவைக்கின்றன. சிறிது நேரத்தில் வேறொரு கரம் அப்பொறுப்பை ஏற்கலாம். ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் ஒரு எளிய கண் இருக்கிறது. நீல நிற நட்சத்திர மீன் ஒன்றைப் பவளப்பாறையிலிருந்து சிறிது தூரம் எடுத்துச் சென்று விட்டால், அது பாறையின் நிழலுருவைக் கண்டு அதை நோக்கித் திரும்பி நடக்கிறது என்பதையும், கண்கள் நீக்கப்பட்டவை திசையறியாது அலைகின்றன என்பதையும் 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

இதன் உணவுமுறை பலருக்கு அருவருப்பைத் தரலாம். எனக்கு அது உடலமைப்பின் மேதைமையாகவே படுகிறது. சிப்பியின் இரு ஓடுகளையும் கரங்களால் தழுவி, நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களைப் பதித்து, நட்சத்திர மீன் இடைவிடாமல் இழுக்கிறது. சிப்பியின் தசை பலமானதுதான். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடுக்கு கிடைத்தாலே போதும்: நட்சத்திர மீன் தன் இரைப்பையையே வாய்வழியாக வெளியே பிதுக்கி, அந்த இடுக்கினூடே உட்செலுத்தி, சிப்பியை அதன் ஓட்டுக்குள்ளேயே ஜீரணித்துவிடுகிறது. இத்தனை நேரம் ஒரே நிலையில் இறுகி நிற்கும் சக்தி அதற்குத் தசையால் மட்டும் வந்ததன்று. முட்தோலிகளின் தோலுக்கடியில் உள்ள இணைப்புத் திசு, நரம்பின் ஏவலுக்கு இணங்கிச் சில விநாடிகளிலோ நிமிஷங்களிலோ மரம்போல் விறைக்கவும், மறுபடி நெகிழவும் வல்லது. விறைத்த நிலையில் நிற்பதற்கு அது சக்தியைப் பெரிதும் செலவிட வேண்டியதில்லை. சிப்பி வளர்ப்போர் இந்தப் பகைவனைப் பிடித்துத் துண்டாக்கிக் கடலிலேயே எறிந்த காலம் உண்டு. நடுவட்டின் ஒரு பகுதி ஒட்டியிருந்த துண்டங்கள் கரங்களை மறுபடி வளர்த்துக்கொண்டு, பகைவரின் தொகையைப் பெருக்கின. சில இனங்களில் தனியே அறுந்த ஒரு கரமே முழு உடலை உண்டாக்கிவிடும்.

உடன்பிறப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கடல் முள்ளெலியில் சுண்ணாம்புத் தகடுகள் ஒன்றோடொன்று இணைந்து உருண்டையான ஓடாகியிருக்கின்றன. அதன்மேல் முட்கள் எத்திசையும் திரும்பக்கூடிய மூட்டுகளில் நிற்கின்றன. முட்களாலும் குழாய்க்கால்களாலும் அது நகர்கிறது. அதன் வாய்க்குள் ஐந்து பற்களைத் தாங்கிய எலும்புக்கூடு ஒன்று இருப்பதை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாடில் எழுதிவைத்தார். இன்றும் அந்த உறுப்பு அரிஸ்டாடிலின் விளக்கு என்றே வழங்குகிறது. நொறுங்கு நட்சத்திரமோ குழாய்க்கால்களை நம்புவதைக் குறைத்து, மெலிந்த கரங்களையே துழாவி விரைகிறது: ஒரு கரத்தை முன்னே நீட்டி, அதன் இருபுறமுள்ள கரங்களைத் துடுப்பாக்கி, இடம் வலம் உள்ள பிராணியைப்போலவே செல்கிறது; திசை மாற்ற வேண்டுமானால் உடலைத் திருப்புவதில்லை, வேறொரு கரத்தை முன்கரமாக்கிக்கொள்கிறது.

கடல் அட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது நம் கரைக்கு மிகவும் நெருங்கியது. ஐங்கதிர் உடலை வாய்க்கும் மலத்துவாரத்துக்கும் இடையே நீளமாக இழுத்து, ஒரு பக்கமாகப் படுக்க வைத்தால் கிடைக்கும் உருவம் அது. தரையைத் தொடும் பக்கத்தில் குழாய்க்கால்களின் மூன்று வரிசைகளும், மேற்பக்கத்தில் இரண்டு வரிசைகளும் அமைய, ஐந்து என்னும் கணக்குக் கெடாமலே அதற்கு ஒரு முன்னும் பின்னும் மறுபடி வந்துவிட்டன. வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளும் உருமாறிய குழாய்க்கால்களே. அவற்றால் மணலை அள்ளி விழுங்கி, அதிலுள்ள உயிர்ப்பொருளை உறிஞ்சிக்கொண்டு, சுத்தமான மணலை வெளியேற்றுகிறது. சுவாசிப்பதோ மலத்துவாரத்தின் வழியே நீரை உள்ளிழுத்து. நட்சத்திர மீனுக்கும் முள்ளெலிக்கும் கவசமாயிருக்கும் சுண்ணாம்புத் தகடுகள் இதில் தேய்ந்து, பூதக்கண்ணாடியில்லாமல் காணமுடியாத துணுக்குகளாகத் தோலில் புதைந்து கிடக்கின்றன.

இந்தத் துணுக்குகளை உயிரியல் நூல்களுக்கு வெளியே நன்கு அறிந்தவர்கள் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் அட்டை பதம் செய்தவர்களே. அட்டையைக் கீறிக் குடலை நீக்கி, வேகவைத்து, ஈர மணலில் ஓரிரவு புதைத்துவைத்தால், சுண்ணாம்பு கலந்த மேல்தோல் அழுகித் தளர்ந்துவிடும். பிறகு தேய்த்துக் கழுவி அந்தச் சுண்ணாம்பைப் போக்கி, மீண்டும் வேகவைத்து வெயிலில் உலர்த்துவார்கள். சுண்ணாம்பு தங்கிய சரக்குக்கு விலை கிடையாது. நம்மவர் அதை உண்பதில்லை; சீனாவுக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் அனுப்புவதற்காகவே இத்தனை பிரயாசையும் நடந்தது. பிடிப்பு எல்லை மீறவே, 2001-இல் கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, பிடிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1988-இல், தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையில் கடல் அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்குவதில் வெற்றி கண்டிருந்தார்கள். அந்த வெற்றியைக் கரையோர மக்களின் பிழைப்புக்குப் பயன்படுமாறு பெருக்காமல் விட்டது வருந்தத்தக்கது என்றே நினைக்கிறேன்.

அந்தப் பொரிப்பகத் தொட்டியில் முட்டை பொரிந்து வெளிவரும் இளவுயிரை நுண்ணோக்கியில் பார்ப்பவர் ஒரு புதிரை எதிர்கொள்வர். ஐந்து என்னும் கணக்கே அதில் காணப்படாது. கண்ணாடிபோல் தெளிந்த அந்தச் சிற்றுடலுக்கு நம்மைப்போல் இடம் உண்டு, வலம் உண்டு. வளைந்து செல்லும் குற்றிழைப் பட்டை ஒன்றை அசைத்து அது நீந்துகிறது. நட்சத்திர மீன், முள்ளெலி, நொறுங்கு நட்சத்திரம் ஆகியவற்றின் இளவுயிர்களும் இவ்வாறே இருபுறச் சமச்சீர் உடையவை. ஜெர்மானிய உடலியல் மேதையான யோகான்னஸ் முல்லர், 1840-களில் வட கடலிலுள்ள ஹெலிகோலாந்து தீவுக்கருகே மெல்லிய வலையால் நீரை வடிகட்டியபோது இவற்றைக் கண்டார். வளர்ந்த பிராணியோடு எவ்வித ஒற்றுமையும் காட்டாத இவை யாவை என்று தெளிய அவர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

நீந்தித் திரிந்த இளவுயிர் கடலடியில் தங்கும் பருவம் வந்ததும் நிகழும் மாறுதல், வண்ணத்துப்பூச்சியின் உருமாற்றத்தையும் விஞ்சியது. உடலின் இடப்புறத்தில் உள்ள ஒரு சிறு பை வளைந்து வளையமாகி, ஐந்து முளைகளை விடுகிறது. வட்டக்கால்வாயும் ஆரக்கால்வாய்களும் இவ்விதம் தோன்றுகின்றன. நட்சத்திர மீனில் இளவுயிரின் இடப்பக்கமே வாயுள்ள அடிப்பக்கமாகிறது, வலப்பக்கம் மேற்பக்கமாகிறது. பழைய உடலின் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டோ உதிர்ந்தோ மறைகிறது. லூயிடியா என்னும் நட்சத்திர மீனின் ஓர் இனத்தில், புதிய குட்டி பிரிந்து அடியில் இறங்கிய பின்னும், பழைய இளவுடல் தனியே நீந்திக்கொண்டிருப்பதுண்டு.

இந்தத் தெளிந்த இளவுயிர்தான் மருத்துவத்துக்கும் ஒரு பெரிய வாசலைத் திறந்தது. 1882-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில், இலியா மெச்னிகாப் என்னும் ருஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீனின் இளவுடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலையில், அலைந்து திரியும் செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருப்பதைக் கண்டார். அந்நியப் பொருளை விழுங்கும் செல்களே உடலைக் காக்கின்றன என்னும் கொள்கை அங்கே பிறந்தது; 1908-இல் பால் எர்லிக்கோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உறவுக்கு வருவோம். கரு வளரும்போது, செல்களாலான பந்தில் முதன்முதலாக ஒரு குழி விழுகிறது. பூச்சி, நத்தை, மண்புழு முதலிய குழுக்களில் அந்தத் துளையின் பக்கத்தில் வாய் அமைவது பொதுவழக்கு. முட்தோலிகளிலும் முதுகெலும்புள்ள பிராணிகளிலும் அங்கே மலத்துவாரம் அமைய, வாய் பிறகு புதிதாகத் திறக்கிறது. 1908-இல் கார்ல் குரோபென் என்னும் விஞ்ஞானி இந்த வேற்றுமையைக் கொண்டே பிராணி உலகை இரு பெரும் கிளைகளாகப் பிரித்தார். நட்சத்திர மீனும் மனிதனும் ஒரே கிளையில் வந்தமைந்தார்கள். பின்னாளில் மரபணுக்களை ஒப்பிட்ட ஆராய்ச்சிகளும் இவ்விஷயத்தில் அந்தப் பகுப்பை உறுதிசெய்தன.

அப்படியாயின் ஐந்து எங்கிருந்து வந்தது? பாறையில் பதிந்த சாட்சியங்கள் சில உள்ளன. ஸ்பெயின் நாட்டின் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறைகளில் கிடைத்து, 2012-இல் விவரிக்கப்பட்ட ஒரு சிறு முட்தோலி, இடமும் வலமும் சமமாக உடையது. கலிபோர்னியாவின் வெள்ளை மலைத்தொடரில் கிடைக்கும் ஹெலிகோபிளாக்கஸ் என்பதில், கதிரைப்போல் கூர்ந்த உடலைச் சுற்றி மூன்று உணவுப் பள்ளங்கள் சுருளாக ஏறுகின்றன. ஐந்து கதிர் உடையவையும் அந்தக் காம்பிரியன் யுகத்திலேயே தோன்றிவிட்டன. பண்டைய முட்தோலிகளிற் பல, இன்றைய கடல் அல்லியைப்போல, வாயை மேல்நோக்கி வைத்து ஓரிடத்தில் நிலைத்து நின்று, நீரில் மிதந்துவரும் உணவைப் பிடித்துண்டவை. நாலாபுறமிருந்தும் உணவு வரும் அத்தகைய வாழ்க்கைக்கு முன்னும் பின்னும் தேவையில்லை. சுற்றிலும் விரிந்த கரங்களே தேவை. ஆகவே குழாய்க்கால்கள் ஆதியில் உணவு திரட்டும் கைகளாயிருந்து, வாய் கீழ்நோக்கிக் கவிழ்ந்த பின்னரே நடக்கும் கால்களாயின என்று பெரும்பாலோர் கருதுகின்றனர்.

2023-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லோ, லோரான் ஃபார்மெரி ஆகியோரும் அவர்தம் தோழர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு எதிர்பாராத ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. மற்றப் பிராணிகளில் தலையை நிர்ணயிக்கும் மரபணுக்கள் நட்சத்திர மீனின் ஒவ்வொரு கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஓரம் நோக்கி வரிசையாக வேலை செய்கின்றன. உடற்பகுதியை நிர்ணயிக்கும் மரபணுக்களோ மேல்தோலில் அநேகமாகக் காணப்படவே இல்லை. தலையற்றதென்று நாம் கண்ட பிராணி, பெரும்பாலும் தலையாகவே ஆகிவிட்ட பிராணி என்று தோன்றுகிறது.

இந்தக் கதையில் இன்னொரு ஜீவனுக்கும் பங்குண்டு. அது பாம்பனுக்கருகில், விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுற்றுலா சென்றுவரும் குருசடைத் தீவின் மணலிலே வாழ்கிறது. அரைநாணிகள் என்னும் குழுவைச் சேர்ந்த அந்தப் புழுவுக்கு, மணலைத் துளைக்கும் மூக்கு, கழுத்துப்பட்டி, நீண்ட உடல் என மூன்று பாகங்கள். 1866-இல் கோவலெவ்ஸ்கி என்னும் விஞ்ஞானி இவ்வகைப் புழுவின் தொண்டையில் மீன்களுக்குள்ளவை போன்ற செவுள் துளைகளைக் கண்டறிந்து, முதுகெலும்புள்ள பிராணிகளோடு அதற்குள்ள உறவைச் சுட்டினார். அதன் இளவுயிரோ, முல்லர் அதைக் கடலில் கண்டபோது நட்சத்திர மீனின் இளவுயிர் என்றே கொண்டுவிடும் அளவுக்கு, குற்றிழைப் பட்டையிலும் உருவிலும் முட்தோலிகளை ஒத்தது. புழுவின் குழந்தை அது என்பதை மெச்னிகாப் முதலியோர் பின்னர் நிறுவினார்கள். 2015-இல், குருசடையில் உள்ள அதே இனமான டைக்கோடெரா ஃபிளாவாவின் முழு மரபணுத் தொகுதியும் வெளியாயிற்று. செவுள் துளை அமைக்கும் தொண்டைப் பகுதியில் வேலை செய்யும் சில மரபணுக்கள் அதில் ஓரிடத்தில் அணிவகுத்து நிற்கின்றன. செவுள் துளையே இல்லாத நட்சத்திர மீனிலும் அந்த அணிவகுப்புக் கலையாமல் இருக்கிறது. மனிதனிலும் அது 14-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அங்குள்ள மரபணு ஒன்று இன்றி நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி கருவில் உருவாவதில்லை.